ஐயாவின் பிறப்புப் பதிவு எந்த அலுவலகத்தில்? செட்டிநாட்டில் குடும்ப வரலாறு தேடுவோருக்கு

செட்டிநாட்டுப் பக்கம் பழைய பிறப்பு, இறப்புப் பதிவு கேட்டுப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது, "இங்க இல்லீங்களே, அங்க கேட்டுப் பாருங்க" என்பதுதான். 'அங்கே' போனால் மறுபடி 'இங்கே' அனுப்புவார்கள். நானும் இப்படி அலைந்தவன். பதிவு இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய கஸ்டடியில் என்பதே முதல் கேள்வி. அதைத் தீர்க்காமல் வெறும் பெயரோடு போய் நின்றால் எந்த எழுத்தராலும் உதவ முடியாது. பதிவேடுகள் பெயர் வரிசையில் இல்லை, நிகழ்வு நடந்த இடமும் தேதியுமாகத்தான் கட்டிக் கிடக்கின்றன.

இது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களுக்கு மட்டும் எழுதியதல்ல. கோயில், பெட்டகம் பற்றிய பகுதிகள் அவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். மற்றவை இந்த வட்டாரத்து எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும்.

1. அலுவலகத்துக்கு முன் வீட்டில் தேடுங்கள்

அவசரப்பட்டு தாலுகா ஆபீஸுக்கு ஓடாதீர்கள். தேடுவதற்கு ஆண்டுக் கணக்கில் கட்டணம் உண்டு. ஆண்டு தெரியாமல் போனால் பணம் வீணாகும், எழுத்தரின் பொறுமையும் போய்விடும். வீட்டில் கிடைக்கும் காகிதங்களை வைத்து ஆண்டை இரண்டு மூன்றுக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியவை: சாதகக் குறிப்பு, கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஓலை), மொய் ஏடு, சீர் எழுதிய சிட்டை, பாகப்பிரிவினைப் பத்திரம், கொண்டுவிக்கப் போனவர்களின் (அக்கரைக்குத் தொழிலுக்குப் போனவர்களின்) சம்பளச் சிட்டை, பழைய பாஸ்போர்ட், பேரேட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். வீட்டுச் செய்திகளைப் பேரேட்டின் ஓரத்தில் குறித்து வைக்கும் பழக்கம் பலருக்கு இருந்தது. பெரிய வீடு பூட்டிக் கிடந்தால், சாவி யார் கையில் என்று பங்காளிகளைக் கேட்பதிலிருந்து வேலை தொடங்கும். பெட்டகத்தைத் திறக்க எல்லாப் பங்குக்காரர்களும் சம்மதிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு படைப்பு (முன்னோர் வழிபாடு) நாளோ கல்யாணமோதான் தோது, எல்லோரும் ஊருக்கு வந்திருப்பார்கள்.

வயதான ஆச்சிமார்களிடம் பிறந்த தேதியைக் கேட்டால் கிடைக்காது. திதியைக் கேளுங்கள். "ஐப்பசி, தேய்பிறைத் தசமி" என்று உடனே வரும். எந்த வருஷம் என்பது வராவிட்டால், "உங்களுக்கு அப்பக் கல்யாணம் ஆயிருச்சா? மூத்தவுக பிறந்துட்டாகளா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டு வருஷத்தைப் பிடிக்கலாம். மாதமும் திதியும் வருஷமும் சேர்ந்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தில் ஆங்கிலத் தேதி கிடைத்துவிடும்.

2. தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றுங்கள்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அரசுப் பதிவேட்டில் ஆங்கிலத் தேதி, வீட்டுக் காகிதத்தில் தமிழ்த் தேதி. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அறுபது வருஷச் சுழற்சி. விக்கிரம என்றால் 1940-41 ஆகவும் இருக்கலாம், 1880-81 ஆகவும் இருக்கலாம். தாத்தா பெயரே பேரனுக்கு வரும் ஊரில், இது ஒரு தலைமுறையையே மாற்றிவிடும்.

இரண்டாவது, தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவது. விக்கிரம வருஷம் ஆவணி என்றால் 1940. அதே விக்கிரம வருஷம் தை என்றால் ஜனவரி நடுவில் தொடங்குவதால் 1941. 1940 ஏட்டில் தேடச் சொல்லிவிட்டு "பதிவு இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நிறைய.

மூன்றாவது, நாள் தொடங்கும் நேரம். சாதகத்தில் சூரிய உதயம் தொட்டு மறு உதயம் வரை ஒரே நாள். வியாழன் இரவு இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தைக்குச் சாதகம் வியாழக்கிழமை என்று சொல்லும், கிராம முன்சீப் எழுதிய அரசு ஏடு வெள்ளிக்கிழமைத் தேதியைச் சொல்லும். அதனால் ஒரு நாள் முன்னும் பின்னும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

பழைய காகிதங்களில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்ற குறிகள் இருக்கும். எண்களும் தமிழ் எண்களாக இருக்கும். ௲௯௱௪௰ என்று கண்டால் 1940 என்று படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கும் வயதான பத்திர எழுத்தர் ஒருவரைப் பிடியுங்கள். கூலி கொடுத்துப் படிக்கச் சொல்வது நல்ல செலவு. "நானே எல்லாம் முடிச்சுத் தர்றேன்" என்று வரும் புரோக்கருக்குக் கொடுப்பது கெட்ட செலவு.

3. எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள்

பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும். குடும்பம் எங்கே குடியிருந்தது என்பது கணக்கில்லை. தலைப்பிரசவம் பெண் வீட்டில். ஆகையால் உங்கள் ஐயா (தாத்தா) மூத்த பிள்ளை என்றால், அவர் அப்பச்சி (தகப்பனார்) ஊரை விட்டுவிட்டு ஆத்தா (தாயார்) பிறந்த ஊரில் தேடுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தவர் என்றால் ஆஸ்பத்திரி இருந்த ஊர். மதுரைக்குப் போய்ப் பிறந்தவரைக் காரைக்குடியில் தேடிப் பயனில்லை.

அடுத்து, அந்த ஊர் அன்றைக்கு எந்த ஜில்லா? இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985-ல் பிரிந்தது. அதற்கு முன் ராமநாதபுரம் ஜில்லா. அந்த ஜில்லாவே 1910-ல்தான் உருவானது. அதற்கும் முன்னால் மதுரை ஜில்லா. ராயவரம், கடியாபட்டி, விராச்சிலை, அரிமளம், பொன்னமராவதி பக்கம் என்றால் 1948 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானம், பிறகு திருச்சி ஜில்லா, 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டம். சமஸ்தானத்து ஊரைப் பற்றிய 1930களின் பதிவை ராமநாதபுரம் ஜில்லா ஏடுகளில் தேடினால் கிடைக்காது. இரண்டு ஊருக்கும் நடுவே நாலு மைல்தான் என்றாலும் நிர்வாகம் வேறு.

இப்போதைய மாற்றத்தையும் பாருங்கள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. பழைய பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகுமுன் ஏடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பதிவேடு யாரிடம் இருக்கும்?

காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரங்களின் பதிவுகளுக்கு மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நெற்குப்பை போன்ற ஊர்களுக்குப் பேரூராட்சி அலுவலகம். இவை ஓரளவு நேரடியானவை.

கிராமங்கள்தான் சுற்றல். அந்தக் காலத்தில் கிராம முன்சீப் எழுதினார். 1980-ல் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்தபின் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதினார். அண்மைக்கால ஏடு வி.ஏ.ஓ.விடம் இருக்கும், பழையவை மேலே போய்விட்டிருக்கும். சில தாலுகா அலுவலகப் பதிவறையில், பல சார்பதிவாளர் அலுவலகத்தில். வி.ஏ.ஓ., தாலுகா, சார்பதிவாளர் என்ற வரிசையில் கேளுங்கள். வாய்வார்த்தையாக "இல்லை" என்றால் அடுத்த அலுவலகத்தின் பெயரைத் தாளில் எழுதி வாங்க முயலுங்கள், இல்லாவிட்டால் பந்து போல உருள வேண்டியதுதான்.

2018 முதல் பதிவானவற்றுக்கு இணையத்தில் சான்று இறக்கிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. குடும்ப வரலாற்றுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இன்று நடைமுறையில் உள்ள பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அதற்கு முன் 1899-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம். பழைய காலத்தில் எல்லாக் கிராமத்திலும் ஒரே கண்டிப்போடு எழுதவில்லை. 1920களுக்கு முந்திய கிராமப் பிறப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. கேட்க உங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவு, யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், நகல் பெறலாம் என்கிறது. ஒரு விஷயம் மட்டும் தரமாட்டார்கள்: இறப்புப் பதிவின் நகலில் மரணக் காரணம் இருக்காது. "அப்பத்தா எப்படி இறந்தாக" என்பதை அறிய வீட்டுப் பெரியவர்கள்தான் வழி.

சட்டம் அப்படிச் சொன்னாலும் கவுன்ட்டரில் "நீங்க அவருக்கு என்ன முறை?" என்று கேட்பார்கள். சொத்துத் தகராறுக்காகத்தான் முக்கால்வாசிப் பேர் பழைய இறப்புப் பதிவு கேட்டு வருகிறார்கள், அதனால் சந்தேகம் இயல்பு. சட்டப் பிரிவை எடுத்தவுடன் வீசாதீர்கள். பேரன் என்று சொல்லி, ஒரு பக்கத்தில் எழுதிய வம்சாவளிப் படத்தைக் காட்டினால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

6. மனுவும் கட்டணமும்

மனுவைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இந்த மாதிரி போதும்:

"என் தகப்பனாரின் தகப்பனார் (பெயர்), (தகப்பனார் பெயர்) குமாரர், தாயார் (பெயர்), (ஊர்) கிராமத்தில் 1940 ஆகஸ்ட் முதல் 1941 மார்ச் வரையிலான காலத்தில் பிறந்தவர். பதிவில் குழந்தையின் பெயர் இல்லாமலும் இருக்கலாம். தகப்பனார் பெயரை வைத்துத் தேடி, பதிவு இருந்தால் நகலும், இல்லையென்றால் பதிவு இல்லை என்பதற்கான சான்றும் தர வேண்டுகிறேன்."

'குழந்தையின் பெயர் இல்லாமலும்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பெயர் வைக்குமுன்பே முன்சீப்பிடம் சொல்லிவிடுவார்கள். ஏட்டில் 'ஆண்', தகப்பன் பெயர், தெரு, அவ்வளவுதான். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கண்முன் இருக்கும் பதிவு தாண்டிப் போகும்.

தகப்பன் பெயரிலும் ஒரு வில்லங்கம். நகரத்தார் வீடுகளில் விலாசம் என்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டுமல்ல. ராம., சித., பழ., அரு., மெ. என்று இரண்டு மூன்று தலைமுறை அதில் அடுக்கியிருக்கும். கடைப் பெயரோடு ஒட்டிய விலாசமும் உண்டு. முன்சீப் அதில் கடைசி ஒன்றை மட்டும் எழுதியிருக்கலாம், எதையுமே எழுதாமலும் விட்டிருக்கலாம். பிள்ளை கூட்டப்பட்டவர் (சுவீகாரம் போனவர்) என்றால் இன்னும் சிக்கல். பிறப்பு ஏட்டில் பெற்றவர் பெயர், இறப்பு ஏட்டில் கூட்டிக்கொண்டவர் பெயர், ஊரும் வேறாக இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளா என்று நீங்களே குழம்புவீர்கள். கூட்டியது தெரிந்தால் இரண்டு விலாசத்தையும் மனுவில் எழுதிவிடுங்கள்.

கட்டணம்: 2017-ல் உயர்த்தியபின் ஓர் ஆண்டு ஏட்டைத் தேட 100 ரூபாய், நகல் ஒன்றுக்கு 200 ரூபாய். ஐந்து ஆண்டுகளைத் தேடி ஒரு நகல் வாங்கினால் 700 ரூபாய். பணம் கட்டுமுன் அலுவலகப் பலகையில் இப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ரசீது வாங்காமல் கட்டாதீர்கள். ஒரே தகப்பனாருக்கு நாலு பிள்ளைகள் என்றால் ஆண்டுகளை வரிசைப்படுத்தி ஒரே மனுவாகக் கொடுப்பது எழுத்தருக்கும் சுலபம்.

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் ஆதார் நகல், உங்கள் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, தகப்பனார் இறந்திருந்தால் அவர் இறப்புச் சான்று, வம்சாவளிப் படம், தபால்தலை ஒட்டிச் சொந்த முகவரி எழுதிய உறை. வெளிநாட்டில் இருந்தால் ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள்.

எப்போது போவது? சார்பதிவாளர் அலுவலகத்துக்கு முகூர்த்த நாளில் போகவே போகாதீர்கள், பத்திரம் பதிபவர்கள் கூட்டத்தில் உங்கள் மனுவை யாரும் தொடமாட்டார்கள். அஷ்டமி, நவமி நல்லது. ஆடி மாதம் இன்னும் நல்லது, நிலம் பதிபவர் குறைவு. தாலுகா அலுவலகத்தை மே, ஜூன் ஜமாபந்தி (வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கை) காலத்திலும் தேர்தல் நேரத்திலும் தவிருங்கள்.

நகல் கையில் வந்ததும் பிறந்த தேதியோடு பதிவு செய்த தேதியையும் பாருங்கள். 1938-ல் பிறந்தவருக்குச் சமீபத்திய பதிவுத் தேதி இருந்தால் அது பழைய ஏட்டிலிருந்து வந்ததல்ல, யாரோ பிற்காலத்தில் ஆணை வாங்கிப் பதிந்தது. அதில் உள்ள தேதி பள்ளிச் சான்றிலிருந்து வந்திருக்கலாம். பள்ளித் தேதியை நான் கடைசியாகத்தான் நம்புவேன். சேர்க்கும்போது வயது சரிக்கட்ட வாத்தியார் போட்ட தேதிகள் நம் ஊரில் ஏராளம்.

7. கல்யாணம்

2009 வரை எல்லாக் கல்யாணத்தையும் அரசிடம் பதிய வேண்டும் என்ற கட்டாயம் தமிழ்நாட்டில் இல்லை. தாத்தா பாட்டி கல்யாணத்தைச் சார்பதிவாளரிடம் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். கிறிஸ்தவர் என்றால் பங்குக் கோயில் ஏடு, இஸ்லாமியர் என்றால் ஜமாஅத் நிக்காஹ் பதிவேடு.

நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வாங்குவதும், அதன்பின் தம்பதியைப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பக் கணக்காகச் சேர்ப்பதும் கோயில் கணக்கில் ஏறும். மாப்பிள்ளை கோயில் ஏடு சிதைந்திருந்தால் பெண்ணின் கோயிலிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இவை அரசுப் பதிவேடுகள் அல்ல, 17-ஆம் பிரிவு இங்கே செல்லாது. காட்டுவதும் காட்டாததும் அவர்கள் விருப்பம். புள்ளி வரி கட்டும் பங்காளி ஒருவரோடு போங்கள். கோயில், பிரிவு, ஊர், விலாசம் நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

8. பத்திரங்களை மறந்துவிடாதீர்கள்

பிறப்பு ஏடு ஏமாற்றினால் சொத்துப் பத்திரம் கைகொடுக்கும். பழைய பாகப்பிரிவினையில் ஒவ்வொருவர் பெயரும், தகப்பனார் பெயரும், வயதும் இருக்கும். இறந்த பங்காளியின் பங்கு யாருக்கு என்று எழுதியிருப்பதால் இறப்பும் தெரியவரும். ஒரு பத்திரத்தில் மூன்று தலைமுறை கிடைப்பதுண்டு.

1908 பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து பதியும் முதல் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயிலும் பிள்ளை கூட்ட அளித்த அதிகாரமும் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதிவைத்தவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவருக்கு நகல் கிடையாது, இறந்தபின் கேட்பவர் எவருக்கும் உண்டு. இறப்புச் சான்றோடு போங்கள். இதர ஆவணங்கள் பதியும் நான்காம் புத்தகத்திலிருந்து சம்பந்தப்பட்டவர்கள் மட்டும்தான் நகல் பெறலாம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியவை. அதற்கு முன் வேண்டுமென்றால் நேரில்தான்.

9. அக்கரை போனவர்கள்

சிங்கப்பூர், மலாயாவில் கடை இருந்த குடும்பம் என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாகத் தேடலாம். பெயரை வைத்துத் தேடாமல் கடை விலாசத்தின் ஆங்கில எழுத்துகளை வைத்துத் தேடுங்கள். செட்டி, சிட்டி, செட்டியார் என்று ஆங்கிலத்தில் பலவாறு எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கோர்ட் அறிவிப்புகளில் இறந்தவர் பெயரும் வாரிசும் அகப்படும். இலங்கைப் பதிவென்றால் நிகழ்வு நடந்த பகுதியின் பிரதேச செயலகம்.

லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் திருச்சபைப் பதிவுகளைப் பார்க்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பியர், கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பற்றியவை. ரங்கூனில் இறந்த செட்டியாரை அங்கே எதிர்பார்க்காதீர்கள். பர்மா இறப்புக்கு வீட்டுக்கு வந்த கடிதமும் திதியும்தான் பெரும்பாலும் ஆதாரம்.

10. "பதிவு இல்லை" என்றால்

வெறுங்கையோடு வராதீர்கள், பதிவு இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். எந்த ஊர், எந்த ஆண்டுகள் தேடப்பட்டன என்று அதில் இருக்க வேண்டும். அடுத்து யார் தேடினாலும் அதே ஆண்டுகளுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்காது. அதைக் காட்டிப் புதிதாகப் பதியச் சொல்லிப் புரோக்கர்கள் வருவார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை போன்ற தேவை இருந்தால் ஒழிய, இறந்துபோனவருக்குப் புதுப் பிறப்புப் பதிவு வாங்குவதில் குடும்ப வரலாற்றுக்கு ஒரு லாபமும் இல்லை.

"ஏடு சிதிலமாயிருச்சு" என்ற பதில் வேறு வகை. அப்போது தகவல் உரிமைச் சட்டம் உதவும். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனுவில் நகல் கேட்காதீர்கள். நகலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்தக் கிராமத்தின் 1930 முதல் 1950 வரையிலான பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் எந்தெந்த ஆண்டு ஏடுகள் தங்கள் அலுவலகத்தில் உள்ளன, எவை வேறு அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டன, எவை அழிந்துவிட்டன?" முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வந்த பதிலை நகலெடுத்து, அதில் குறிப்பிட்ட அலுவலகத்துக்கு ஆறாம் பகுதியில் சொன்ன மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.